மங்கிய மூலை

ரிஸ்வானா மறுபடியும் கம்பியில் மோதிவிட்டாள்.

மோதினால் சத்தமோ தீயோ எதுவும் வராது. தலையில் மாட்டியிருக்கும் ஹெட்செட்டுக்குள் மலை, மேகம், தேயிலைச் சரிவு எல்லாம் சட்டென்று சாம்பல் நிறமாகி நின்றுவிடும். அவ்வளவுதான். சத்தம் வைத்தால் கற்றுக்கொள்கிறவர்கள் மிரண்டுபோகிறார்கள் என்று படத்தைக் கவனித்துக்கொள்ளும் பூபதிதான் அதை எடுத்துவிட்டிருந்தார். ஆனால் அந்தச் சாம்பல் நிற அமைதி சத்தத்தைவிட மோசமானதோ என்று அன்றைக்கு அவருக்குத் தோன்றியது.

ரிஸ்வானா ஹெட்செட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். நெற்றியில் பட்டையின் அழுத்தம் சிவப்பாகப் பதிந்திருந்தது.

"கம்பி எங்கண்ணா இருந்துச்சு?"

"வலது பக்கம், கீழ. கம்பத்துல இருந்து எஸ்டேட் ஆஸ்பத்திரி கூரைக்கு வருது பாருங்க, அதுதான்."

"நான் பாக்கவே இல்லீங்கண்ணா. சத்தியமா அங்க ஒண்ணுமே இல்ல."

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த பயிற்சியாளர் தேவசகாயம் எதுவும் சொல்லாமல் டீ குடிக்கப் போய்விட்டார். அவர் விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்றவர், நாகர்கோவில்காரர். திட்டினால் பரவாயில்லை, பேசாமல் போனால்தான் பயம் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும்.

சூலூர் போகும் சாலையில், பழைய நூற்பாலை ஒன்றின் கூடத்தில் அந்தப் பயிற்சி நிலையம் நடந்துகொண்டிருந்தது. மலை ஊர்களுக்குப் போகும் வான் ஆம்புலன்ஸை ஓட்டக் கற்றுக்கொடுக்கிற இடம். பேட்டரியில் ஓடும் சின்ன விமானம் அது. நின்ற இடத்திலிருந்தே மேலே எழும். ஒரு வாலிபால் மைதானம் அளவுக்கு இடம் கிடைத்தால் இறங்கிவிடும். ஜனங்கள் அதற்குத் தும்பி என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஓட்டுகிறவர், நர்ஸ், படுத்த நிலையில் நோயாளி. மலைப்பாதையில் அரை நாள் உருண்டு வரவேண்டிய நோயாளியைத் தும்பி ஒரு டீ ஆறுகிற நேரத்தில் கீழே கொண்டுவந்து சேர்த்துவிடும்.

ரிஸ்வானா பொள்ளாச்சிக்காரி. வால்பாறைப் பாதையில் வருஷக்கணக்காக ஆம்புலன்ஸ் வேன் ஓட்டியவள். ஆழியாறுக்கு மேலே ஒரு வளைவில் முன்னால் மரம் விழுந்து கிடக்க, பின்னால் ஒரு பெண்ணுக்கு வலி முற்ற, ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாளாம். குழந்தை வேனிலேயே பிறந்தது. இரண்டு பேரும் பிழைத்தார்கள். ஆனால் அடுத்த முறை இப்படி உட்கார்ந்திருக்க மாட்டேன் என்று அன்றைக்கே முடிவு செய்து, பகலில் வண்டி ஓட்டி, இடையிடையே படித்து, தேர்வெழுதி, தரையில் இருந்தபடியே பறக்கப் பழகும் இந்தச் சிமுலேட்டர் நாற்காலி வரைக்கும் வந்திருந்தாள். அடுத்த வாரம் சென்னையிலிருந்து தேர்வாளர் வருகிறார். அவர் தேர்ச்சி கொடுத்தால்தான் நிஜத் தும்பி.

பூபதியின் வேலை, அந்த நாற்காலியிலிருந்து தெரிகிற வானத்தையும் மலையையும் சரிபண்ணி வைப்பது. கேட்கிறவர்களுக்குச் சுலபமாகத்தான் இருக்கும். ஆனால் கண்ணுக்கு முன்னால் உள்ள எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தெளிவாக வரைய எந்தக் கம்ப்யூட்டராலும் முடியாது. வரையப் பார்த்தால் படம் திணறும். தலையைத் திருப்பினால் மலை கொஞ்சம் தாமதித்துத் திரும்பும். அந்தக் கொஞ்சம் போதும், வயிற்றைப் புரட்டி எடுத்துவிடும். எனவே எதையாவது விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். குழாயில் சிறுவாணித் தண்ணீர் வருகிற கொஞ்ச நேரத்தில் வீட்டில் எந்தக் குடத்தை முதலில் நிரப்புவது என்பது மாதிரியான கணக்கு அது. அணையில் வானம் பிரதிபலிக்க வேண்டுமா? அதை விட்டால் மரங்களுக்கு இலை கிடைக்கும். மேகத்துக்கு நிழல் வேண்டுமா? அதைக் குறைத்தால் படம் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடும். பூபதி அந்த வேலையில் கைதேர்ந்தவர். அவர் சரிபண்ணிய சிமுலேட்டரில் இதுவரை ஒருவரும் வாந்தி எடுத்ததில்லை. அதில் அவருக்கு உள்ளூரப் பெருமைதான்.

அன்றைக்கு ரிஸ்வானா எழுந்து போகாமல் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். பூபதி அவளுக்கு ஒரு டீயைக் கொடுத்துவிட்டு எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஏனுங்கண்ணா, இந்தப் படம் எப்படி என் கண்ணு போறதுக்கு முன்னாடியே அங்க போயி நிக்குது? நான் வேற எடத்துல மொதல்ல பழகுன சிமுலேட்டர்ல இப்படி இல்லீங்களே."

"அது உங்க கண்ணப் படிக்குது அம்மிணி. நாம ஒரு சமயத்துல ஒரு சின்ன எடத்தத்தான் தெளிவாப் பாக்கறோம். மிச்சமெல்லாம் ஓரத்துல சும்மா மங்கலா இருக்கறதுதான். அதனால நீங்க பாக்கற எடத்த மட்டும் இது நல்லா வரையுது. இது எல்லா மெஷினும் பண்றதுதான். இந்தப் புதுசு என்ன பண்ணுதுன்னா, உங்க கண்ணோட பழக்கத்தக் கத்துக்குது. ஓரத்துல எங்க ஏதாவது அசைஞ்சா உங்க கண்ணு ஓடும், எங்க அசைஞ்சாலும் ஓடாதுன்னு தெரிஞ்சுக்குது. ஓடாத எடத்துல சக்திய செலவு பண்றதில்ல."

"அப்ப நான் பாக்காத எடத்த இது வரையவே வரையாதுங்களா?"

"வரையும். ஏனோதானோன்னு வரையும்."

"மொத நாளே என் கண்ணப் பத்தி இதுக்கு எப்படித் தெரிஞ்சுது? மொத நாளே எனக்கு நல்லாத்தான இருந்துச்சு."

"அது நான் பழக்கி வெக்கறதுங்க. புது ஆளு உக்காந்தா இது கத்துக்கற வரைக்கும் படம் திணறும், தல சுத்தும். அதனால ஒவ்வொரு ஊர்லயும் நானே எறங்கி எறங்கி மொதல்ல என் கண்ணுக்குப் பழக்கிடுவேன். அதுல இருந்துதான் எல்லாருக்கும் ஆரம்பம். அப்புறம் போகப்போக உங்களுதா மாறிக்கும்."

ரிஸ்வானா தலையாட்டினாள். டீயைக் குடித்து முடித்துவிட்டு, இன்னொரு முறை இறங்கிப் பார்க்கிறேன் என்றாள். மறுபடியும் சாம்பல்.

மதியம் தேவசகாயம் பூபதியைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"அந்தப் பிள்ளைக்குக் கை நல்லா இருக்கு. பயமும் இல்ல. ஆனா முன்னால இருக்கத மட்டும்தான் பாக்குதா. ரோட்டுல ஓட்டுனவங்களுக்கு வாற பழக்கம் அது. மத்த ஊருல எல்லாம் சமாளிச்சிட்டா. இந்தப் புது எஸ்டேட் மைதானத்துலதான் மாட்டுதா. தேர்வாளர் அங்கதான் எறக்கச் சொல்லப்போறார், பாத்துக்கோ."

"இன்னொரு வாரம் இருக்குங்களே சார்."

"பழக்கம்னா ஒரு வாரத்துல மாறும். கண்ணுன்னா மாறாது." தேவசகாயம் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "அதயும் பாத்துச் சொல்லு."

பூபதி தன் இடத்துக்கு வந்து, மெஷின் கற்றுவைத்திருந்த ரிஸ்வானாவின் கண்பதிவைத் திறந்தார். திரையில் அது ஒரு வட்டமாகத் தெரியும். கண் நன்றாகப் பாய்கிற இடம் வெளிச்சமாக, பாயாத இடம் இருட்டாக. நடுவில் பளிச்சென்று இருந்தது. மேலே, இடப்பக்கம் எல்லாம் சரி. வலப்பக்கம் கீழே மட்டும் எலி கடித்த தோசை மாதிரி ஒரு துண்டு கறுத்துக் கிடந்தது. அந்த இடத்தில் எத்தனையோ முறை பறவை பறந்திருக்கிறது, லாரி போயிருக்கிறது, கம்பி ஆடியிருக்கிறது. ஒரு முறைகூடக் கண் அங்கே ஓடவில்லை.

வேறு யாருடையதையாவது வைத்து ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை. கண்பதிவும் கைரேகை மாதிரிதான் என்பதால் பயிற்சி முடிந்ததும் அழித்துவிட வேண்டும் என்று சட்டம் இருந்தது. ஒரே சிமுலேட்டர், ஒரு சமயத்தில் ஒரே ஆள். அவர் முதலில் பழக்கி வைத்ததன்மேலேயே அது எழுதிக்கொண்டுவிட்டதால், இப்போது இருப்பது ரிஸ்வானாவின் பதிவு மட்டும்தான்.

இது பழக்கம் இல்லை, கண் என்று பூபதிக்குத் தோன்றியது. கண்ணில் குறை என்று காகிதத்தில் ஏறினால் அவள் தும்பியைத் தொட முடியாது. வேனும் போய்விடும்.

அப்போதுதான் அவருக்கு இன்னொரு யோசனையும் வந்தது. அந்தக் கறுத்த இடத்தில் வருகிற எதையும் கொஞ்சம் நடுப்பக்கமாக நகர்த்தி வரையும்படி மெஷினுக்குச் சொல்லலாம். கம்பிக்கு லேசாக ஒரு பளபளப்புக் கொடுக்கலாம். படத்தில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. தேர்வாளருக்கும் தெரியாது. அவள் தேறிவிடுவாள். கண்ணுக்கு அப்புறம் வைத்தியம் பார்த்துக்கொள்ளலாம்.

மறுநாள் காலையில் ரிஸ்வானா ஸ்கூட்டரை நிறுத்திக்கொண்டிருக்கும்போதே அவர் போய்ப் பக்கத்தில் நின்றார். கண்பதிவில் பார்த்ததைச் சொன்னார். தன் யோசனையையும் சொன்னார். சொல்லச் சொல்லக் குரல் தணிந்துகொண்டே போனது.

ரிஸ்வானா ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு கழற்றினாள்.

"என் மேல இருக்கற பிரியத்துல சொல்றீங்க. தெரியுதுங்கண்ணா."

"யோசிச்சுப் பாருங்க. அவசரமில்ல."

"இங்க நீங்க பளிச்சுன்னு வரைஞ்சு வெச்சிருவீங்க. நாளைக்கு நெசமான மலையில இருக்கற கம்பிய யாருங்கண்ணா பளிச்சுன்னு வரைஞ்சு வெப்பாங்க? நான் மட்டும் விழுந்தாப் பரவால்ல. பின்னாடி ஒரு ஆளு படுத்திருக்குமே."

பூபதி தன் யோசனையை அத்தோடு விட்டுவிட்டார்.

"எந்த டாக்டருகிட்டப் போகட்டும், அதச் சொல்லுங்க" என்றாள் அவள். "நீங்களும் வாங்க. அந்தக் கறுப்பு வட்டத்த நான் டாக்டருக்கு விளக்கிச் சொல்ல முடியாது."

இரண்டு நாள் கழித்து இருவரும் கோவையில் ஒரு கண் மருத்துவமனையில் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் கோமதிநாயகி நடுத்தர வயதுக்காரர், அதிகம் பேசாதவர். ரிஸ்வானாவை ஒரு வெள்ளைக் கிண்ணம் போன்ற மெஷினுக்கு முன்னால் உட்காரவைத்தார். நடுவில் உள்ள புள்ளியையே பார்க்க வேண்டும். ஓரத்தில் எங்கேயாவது சின்ன வெளிச்சம் மின்னினால் கையில் உள்ள பொத்தானை அமுக்க வேண்டும். ரிஸ்வானா அமுக்கிக்கொண்டே இருந்தாள். வெளியே நாற்காலியில் இருந்த பூபதிக்கு அந்தப் பொத்தானின் டிக் டிக் ஓசை கேட்டது. இடைவெளி விழும்போதெல்லாம் அவர் கதவைத் திரும்பிப் பார்த்தார்.

முடிவு வந்ததும் டாக்டர் இருவரையும் உள்ளே கூப்பிட்டார்.

"இவங்க கண்ணுல ஒரு குறையும் இல்ல. சின்ன வெளிச்சம் ஒண்ணகூட விடல. நானே இவ்வளவு நல்லாச் செய்வேனான்னு தெரியல."

ரிஸ்வானா இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். பூபதிக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. பிறகு குழப்பம்.

"அப்ப இந்த வட்டம் ஏங்க டாக்டர் இப்படி இருக்குது?" என்று தான் கொண்டுவந்திருந்த படத்தைக் காட்டினார். கண்பதிவு எப்படி வேலை செய்கிறது என்று ரிஸ்வானாவுக்குச் சொன்னதையே டாக்டருக்கும் சொன்னார்.

டாக்டர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"இந்த மாதிரி வட்டத்த நான் தினம் பாக்கறேன். ஆனா ஹெட்செட்ல இருந்து இல்ல, இந்த மெஷின்ல இருந்து. இது நிச்சயமா ஒரு ஆளோட கண்ணுதான். இவங்களோடது இல்ல." அவர் படத்தை மேஜைமேல் வைத்தார். "இவங்களுக்கு முன்னாடி அந்த மெஷினுக்கு யாரோட கண்ணு சொல்லிக்கொடுத்துது?"

ரிஸ்வானா மெதுவாகப் பூபதி பக்கம் திரும்பினாள்.

"எனக்கு எல்லாம் நல்லாத் தெரியுதுங்களே" என்றார் அவர்.

"உக்காருங்க. ஒரு தடவ பாத்துருவோம்."

பூபதி கிண்ணத்துக்கு முன்னால் முகவாயை வைத்தார். சின்னச் சின்ன வெளிச்சங்கள் மின்னின. அவர் அமுக்கினார். நன்றாகத்தான் செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டார். நடுநடுவே மெஷின் சும்மா இருந்தது. அது அடுத்த வெளிச்சத்துக்கு யோசிக்கிறது போல என்று எண்ணிக்கொண்டார். முடித்து எழுந்தபோது முகத்தில் லேசான சிரிப்புக்கூட இருந்தது.

"ரொம்ப மெதுவான மெஷினுங்க. சில சமயம் நின்னு நின்னு வருது."

"அது நிக்கவே இல்ல பூபதி சார்" என்றார் டாக்டர். "வெளிச்சம் வந்துக்கிட்டேதான் இருந்துது. வலது பக்கம் கீழ வந்தப்ப நீங்க அமுக்கல."

பிறகு அவர் பொறுமையாக விளக்கினார். கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு ஓரத்திலிருந்து தேய்ந்துகொண்டு வருகிறது. வலி இருக்காது. இருட்டாகவும் தெரியாது. தெரியாத இடத்தை அக்கம்பக்கத்து நிறத்தை வைத்து மூளையே ஒட்டுப்போட்டுக்கொள்ளும். ஒரு கண்ணின் குறையை மற்றக் கண் மூடிவிடும். ஆனால் பூபதிக்கு இரண்டு கண்ணிலும் ஒரே பக்கமாக விழுந்திருக்கிறது. போனது திரும்பாது. ஆனால் தினம் சொட்டு மருந்து விட்டால் மிச்சம் இருப்பதைக் காப்பாற்றலாம்.

"பாதிப் பேர் இதுக்கு என்கிட்ட வர்றப்ப நடு மட்டும்தான் மிச்சம் இருக்கும். நீங்க சீக்கிரம் வந்துட்டீங்க."

"நானெங்க வந்தேன்" என்றார் பூபதி. "இந்த அம்மிணிக்குத் துணைக்கு வந்தேன்."

மருத்துவமனைக்கு வெளியே வந்ததும் அவர் படியில் உட்கார்ந்துவிட்டார். ரிஸ்வானா பக்கத்துக் கடையில் இளநீர் வெட்டச் சொல்லி வாங்கிவந்து கையில் கொடுத்தாள். வலப்பக்கம் கீழே என்ன இருக்கிறது என்று பூபதி தலையை அசைக்காமல் பார்க்க முயன்றார். சாம்பல் நிறத் தரைதான் தெரிந்தது. தலையைத் திருப்பியதும் அங்கே ஒரு நாய்க்குட்டி படுத்திருந்தது.

"கண்ணுக்குப் பயப்படறீங்களாண்ணா?"

"அதுக்கில்லீங்க." அவர் இளநீரைக் கீழே வைத்தார். "நான் பாக்காதத மெஷின் மங்கலாக்கிருச்சு. மெஷின் மங்கலாக்குனத நீங்க பாக்கல. நீங்களும் பாக்கலன்னு அது இன்னும் மங்கலாக்கிருச்சு. போகப்போக உங்களுதா மாறிக்கும்னு சொன்னேன். மாறவே இல்ல. உங்களுக்கு முன்னாடி இதே படத்துல கத்துக்கிட்டுப் போனவங்க எல்லாம் இப்ப மேல பறந்துட்டிருக்காங்க, அம்மிணி."

ரிஸ்வானா ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள். "வாங்க. சார்கிட்ட இப்பவே சொல்லிருவோம்."

தேவசகாயம் முழுவதையும் நின்றபடியே கேட்டார். முடிந்ததும் போனை எடுத்து, சேவையில் இருந்த ஓட்டுநர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். இறங்குகிற கடைசி நேரத்தில் வலப்பக்கம் கீழே ஏதாவது தவறவிட்டதுண்டா என்று கேட்டார். பலரும் இல்லை என்றார்கள். கொல்லிமலைப் பக்கம் ஓட்டுகிறவர் கொஞ்சம் தயங்கினார். போன மாதம் ஒரு சில்வர் ஓக் மரத்தின் கிளை வலது இறக்கையை உரசியது, காற்று இழுத்துவிட்டது என்று நினைத்தேன் சார் என்றார்.

தேவசகாயம் போனை வைத்துவிட்டு ரிஸ்வானாவைப் பார்த்தார்.

"ரோட்டுல ஓட்டுன பழக்கம்னு உன்னச் சொன்னேன். தப்பு என் பேருல. படத்தச் சந்தேகப்படணும்னு எனக்குத் தோணல்ல."

"எனக்கும் தோணலீங்க சார். என் கண்ணத்தான் சந்தேகப்பட்டேன்."

மறுபடி பழகுவதற்காக ஓட்டுநர்கள் எல்லோரும் ஒவ்வொருவராக மலையிலிருந்து வரவழைக்கப்பட்டார்கள். அதுவரை சில ஊர்களுக்குத் தும்பி போகவில்லை. பழையபடி வேன்தான் போனது. ரிஸ்வானாவே இரண்டு முறை வேனை ஓட்டிக்கொண்டு வால்பாறை போய்வந்தாள். தேர்வாளரின் வருகையையும் தள்ளிவைத்தார்கள்.

பூபதி கண்பதிவை முழுக்க அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். யாருடைய கண்ணும் இல்லாமல், நாலா பக்கமும் ஒரே தெளிவாக வரையச் சொன்னார். எதிர்பார்த்தபடி படம் திணறியது. தேவசகாயம் பத்து நிமிஷம் பறந்துவிட்டு, முகம் வெளுத்துப்போய், வெளியே வேப்பமரத்தடியில் போய் நின்றார். பூபதி ஒவ்வொன்றாக விட்டுக்கொடுக்க ஆரம்பித்தார். மேகத்தின் அடுக்குகள் போயின. அணையின் பளபளப்பு போனது. தூரத்து மலைகள் நீலக் காகிதத்தில் வெட்டி ஒட்டியது போல ஆயின. அவர் ஆசை ஆசையாகச் சரிசெய்திருந்த மாலை வெயில் போனபோது மட்டும் கொஞ்சம் மனசு கேட்கவில்லை. கடைசியில் படம் அழகில்லாமல், ஆனால் திணறாமல் ஓடியது. ஒவ்வொரு செட்டிங்கையும் அவர் ரிஸ்வானாவை உட்காரவைத்துச் சரிபார்த்தார். தன் கண்ணை மட்டும் நம்பவில்லை.

"அண்ணா, படம் பழைய வீடியோ கேம் மாதிரி ஆயிருச்சு" என்றாள் அவள்.

"கம்பி தெரியுதுங்களா?"

"கம்பி, கம்பத்துல ஒட்டுன கல்யாணப் போஸ்டர், எல்லாம் தெரியுது."

தேர்வாளர் வந்த அன்று எஸ்டேட் மைதானத்தில் ரிஸ்வானா ஒரே தடவையில் இறங்கினாள். கம்பியைக் கண்டதும் தும்பியை லேசாக இடப்பக்கம் ஒதுக்கி, நின்று, பிறகு இறக்கினாள். அன்று மாலை பொள்ளாச்சியிலிருந்து அவளுடைய அம்மா பெரிய அடுக்குப் பாத்திரத்தில் பிரியாணி கொடுத்தனுப்பினார். தேவசகாயம் இரண்டாவது முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பூபதி காலையிலும் இரவிலும் சொட்டு மருந்து விட்டுக்கொள்ளப் பழகிவிட்டார். தன் ஸ்கூட்டரை விட்டுவிட்டு பஸ்ஸில் வர ஆரம்பித்ததில், தினமும் ஜன்னலோரத்தில் அரை மணி நேரம் தூங்கக் கிடைத்தது. அது அவருக்குப் பிடித்துப்போயிற்று.

கதை இதோடு முடிந்திருக்கும். ஆனால் சில மாதம் கழித்து டாக்டர் கோமதிநாயகி பயிற்சி நிலையத்துக்கு நேரில் வந்தார்.

"எங்க மெஷின் முன்னாடி உக்கார ஜனங்க பயப்படறாங்க. பரீட்சை மாதிரி இருக்கு. உங்க ஹெட்செட்ட மாட்டி ஒரு ரவுண்டு பறக்கவிட்டா, அவங்களுக்குத் தெரியாமலே கண்ணோட குறைய அது சொல்லிருமே. உங்களுக்குச் சொன்ன மாதிரி."

அப்படித்தான் எஸ்டேட்டில் கண் முகாம் நடந்தது. ரிஸ்வானா நிஜத் தும்பியில் ஹெட்செட் பெட்டிகளையும் பூபதியையும் ஏற்றிக்கொண்டு போனாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் நாற்காலி போட்டார்கள். கொழுந்து பறிக்கிற பெண்கள், ஃபேக்டரி ஆட்கள், ஓய்வுபெற்றவர்கள் என்று வரிசை படிக்கட்டைத் தாண்டிப் போனது. ஒவ்வொருவரும் தங்கள் மலைக்கு மேலேயே பறந்தார்கள். படம் எல்லாப் பக்கமும் ஒரே தெளிவாக ஓட, கண் போகிற இடத்தை மட்டும் மெஷின் குறித்துக்கொண்டது. சிலர் நாற்காலியின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு ஃபேக்டரிக்காரர் இறங்கவே மாட்டேன் என்று அடம்பிடித்தார். கண்பதிவில் குறை தெரிந்தவர்களை டாக்டர் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்தார். மதியத்துக்குள் ஐந்தாறு பேர் அப்படிச் சேர்ந்துவிட்டார்கள். எல்லாம் காப்பாற்றக்கூடிய கண்கள்.

செல்லக்கனி என்றொரு பெண் உட்கார்ந்தாள். வருஷக்கணக்காகக் கொழுந்து பறிக்கிறவள், நல்ல உயரம், சிரித்த முகம். ஹெட்செட்டை மாட்டியதும் அங்கேயும் இங்கேயும் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கண்பதிவில் ஒரு குறையும் இல்லை. முடிந்து கழற்றியதும் கொஞ்ச நேரம் எதையோ யோசித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"என்னங்க்கா, தல சுத்துதுங்களா?" என்று பூபதி கேட்டார்.

"இல்ல சார். நல்லாத்தான் இருந்துச்சு. எங்க லயன் வீடு தெரிஞ்சுது, கோயில் தெரிஞ்சுது. ஃபேக்டரிக்குப் பின்னால கூடப் போய்ப் பாத்தேன்." அவள் கையில் இருந்த ஹெட்செட்டைத் திருப்பிப் பார்த்தாள். "ஒரு ஆளகூடக் காணோமே. எல்லாரும் எங்க போயிட்டோம்?"

பூபதிக்கு அப்போதுதான் நினைவு வந்தது.

செட்டிங்கில் 'ஆட்கள்' என்று ஒன்று இருந்தது. மனிதர்களை வரைவதும் நடமாட வைப்பதும் கம்ப்யூட்டருக்குப் பெரிய பாரம். சிமுலேட்டர் வந்த முதல் வாரமே அதைச் சுழியத்தில் வைத்துவிட்டார். படம் உடனே லேசாகிவிட்டது. அதற்குப் பிறகு எத்தனையோ முறை எதையெல்லாமோ கூட்டியும் குறைத்தும் பார்த்திருக்கிறார். அதை மட்டும் மறுபடி தொட்டதே இல்லை. அவரும் கேட்கவில்லை, தேவசகாயமும் கேட்கவில்லை, தேர்வாளரும் கேட்கவில்லை.

"தப்புதாங்க்கா" என்றார். "வரைஞ்சுடறேன்."

அடுத்த வாரம் முழுக்க அவர் அந்த வேலையில்தான் இருந்தார். மரங்களில் பாதி இலைகளைக் கொடுத்து ஆட்களை வாங்கினார். தலையில் சாக்கு மாட்டிய பெண்கள் சரிவில் வரிசையாக நின்றார்கள். டீக்கடையில் நாலு பேர் உட்கார்ந்தார்கள். அவர்களுடைய முகங்கள் அவ்வளவு தெளிவில்லை. ஆனால் நடந்தார்கள், நின்றார்கள், மேலே சத்தம் கேட்டால் அண்ணாந்து பார்த்தார்கள்.

அந்த வேலை முடிந்த அன்றைக்கு, புதிதாகச் சேர்ந்த ஓட்டுநரைச் சிமுலேட்டரில் முதல் முறையாக எஸ்டேட் மைதானத்தில் இறக்கிப் பார்த்தார்கள். தேவசகாயம் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ரிஸ்வானா, ஓய்வு நாளில் சும்மா வந்திருந்தாள். தும்பி கம்பியை ஒதுக்கிவிட்டு அழகாகத் தாழ்ந்தது. தரையைத் தொட இன்னும் கொஞ்சம்தான். சட்டென்று ஓட்டுநர் அதை நிறுத்தி, மறுபடி மேலே தூக்கினார்.

"ஏன் தூக்குதான்?" என்றார் தேவசகாயம். "எடம் காலியாத்தான கெடக்கு?"

"இல்லீங்க சார்" என்றாள் ரிஸ்வானா.

திரையில், மைதானத்தின் நடுவில் குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் நின்றிருந்தாள். மறு கையால் நெற்றிக்கு மேல் வெயிலை மறைத்து, வருவது யாருக்காக என்று பார்த்துக்கொண்டிருந்தாள். தும்பி மேலே வட்டமடித்துக் காத்திருந்தது. அவளுக்கு அவசரம் ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை. பார்த்து முடித்துவிட்டு, நிதானமாக நடந்து ஓரத்துக்குப் போனாள்.